அண்ணியின் இடது கை

ஜூன் 9

தங்கச்சிக்கு,

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் கடிதம் எழுதுகிறானே, என்ன வில்லங்கமோ என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். பயப்படாதே, நல்ல சேதிதான். நம் இரண்டு பேருக்கும் போன் ராசி கிடையாது. மூன்றாவது வாக்கியத்தில் நீ கத்துவாய், நாலாவதில் நான் வைத்துவிடுவேன். காகிதம் குறுக்கே பேசாது.

உங்கள் ஆஸ்பத்திரியின் சுகர் ஆய்வில் ஜனவரியில் சேர்ந்தேன் அல்லவா. விண்ணப்பத்தை என் பெயருக்கு அனுப்பினால் கிழித்துப் போடுவேன் என்று தெரிந்து அண்ணி பெயருக்கு அனுப்பினாயே, வாயாடி, அந்தப் புத்தி யாருக்கு வரும்! வாரம் ஒரே ஒரு ஊசி. தோளுக்குக் கீழே நாணயம் அளவுக்கு ஒரு சென்சார். அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சுகரைப் பார்த்து, நீங்கள் கொடுத்த போனுக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்து டாக்டர்கள் ஊசியின் அளவை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். சிறுநீரகம் கெடாமல் இருக்குமா என்று பார்ப்பதுதான் ஆய்வு என்றார்கள்.

போனில் அந்த எண்கள் ஒரு கோடாக ஓடும். இப்போது என் கோட்டைப் பார்க்க வேண்டும் நீ. ரசமட்டம் வைத்துப் பதித்த தரை மாதிரி இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு இங்கே இருக்கிற கிளையின் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊசியைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் முதல் ஐந்து பேருக்குள் நான் வருவேனாம்.

புது டைல்ஸ் ஷோரூம் திறந்த அன்று, அத்தனை டீலர்கள் முன்னால், "இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடினா ஒரு நாள் எடுத்துடுவாங்கண்ணா" என்றாய். நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். கால் இருக்கிறது, பார்த்துக்கொள். விரலில் ஒரு கொப்புளம், செருப்புக் கடி, அவ்வளவுதான்.

உன் அண்ணிதான் கொஞ்சம் சோர்ந்து போயிருக்கிறாள். சாயங்காலம் கடைக்கு வந்தால் முதலில் நாற்காலியைத் தேடுகிறாள். பாட்டில் பாட்டிலாய்த் தண்ணீர் குடிக்கிறாள். வயசாகிறது, வேறென்ன.

கோபம் தீர்ந்திருந்தால் நாலு வரி எழுது.

உன் அண்ணன்


ஜூலை 2

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்த நாளில் இன்னொரு காகிதம் வந்துவிட்டது. அதனால் நாலு வரியோடு முடிக்க முடியவில்லை.

ஆறாம் மாத ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. மூன்று மாதச் சராசரி என்று ஒன்று எடுப்பார்களே, ஜனவரியில் உங்களுக்கு ஒன்பதரை இருந்தது. இப்போது பதினொன்று. சென்சாரை நம்பினால் ஏழுதான் இருக்க வேண்டும். சிறுநீரில் புரதம் இரண்டு மடங்காகியிருக்கிறது. ரத்தம் ஒரு மனிதனைச் சொல்கிறது, சென்சார் வேறொரு மனிதனைச் சொல்கிறது.

நீங்கள் சேரும்போதே "இவர் என் உடன்பிறந்த அண்ணன்" என்று நான் எழுதிக் கொடுத்தவள். உங்கள் கோப்பு என் மேஜைக்கு வரக்கூடாது என்பது விதி. ஆனால் முடிவைப் பார்த்ததும் எங்கள் பிரிவில் எண்களைச் சரிபார்க்கிறவர் அந்தத் தாளோடு நேராக என்னிடம் வந்தார். "சிஸ்டர், உங்க அண்ணன் சென்சாரை வேற யாருக்காவது ஒட்டிவிட்டாரா?" என்று கேட்டார். "எங்க அண்ணன் கோபக்காரர் சார், பொய்க்காரர் இல்ல" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அலுவலகக் கடிதம் தனியாக வரும். இது நான் எழுதுவது. நடந்தது என்ன? உடனே கிளை டாக்டரிடம் போய்க் காலைக் காட்டுங்கள், ஊசி அளவையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அது கொப்புளமாகத் தெரியவில்லை எனக்கு.

தங்கை


ஜூலை 8

தங்கச்சிக்கு,

உங்கள் ஆய்வகத்தில் ரத்தக் குழாய் மாறியிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ரத்தம் வருகிறது அங்கே! என் கிடங்கிலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒரு பெட்டி மாறிப் போய்விடுகிறது.

சென்சார் பொய், ரத்தம் நிஜம் என்று முடிவு கட்டியது யார்? இரண்டும் உங்கள் சாமான்தானே? உங்கள் சாமான் ஒன்றோடொன்று சண்டை போட்டால் அதற்கு நான் என்ன செய்வது? இருபத்தெட்டு வருஷமாக டைல்ஸ் விற்கிறேன். சரக்கு கெட்டுப்போனால் வாடிக்கையாளரைப் போய் நீ என்ன செய்தாய் என்று கேட்டதில்லை.

உன் ஆபீசில் உன்னை நிற்க வைத்துக் கேட்டார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பெயரைச் சொல், நான் பேசுகிறேன்.

அண்ணன்

பி.கு. பதினொன்று என்றால் ரொம்ப மோசமா? சும்மா கேட்கிறேன்.


ஜூலை 15

அண்ணனுக்கு,

ரொம்ப மோசம்.

அவரிடம் பேச வேண்டாம். ஊர்ச் சண்டையெல்லாம் எனக்கு வேண்டாம். போன வாரம் கிளையில் உங்களிடம் இன்னொரு முறை எடுத்த ரத்தத்தையும் சோதித்தாயிற்று, குழாய் மாறவில்லை.

நான் ஒன்று சொல்ல வேண்டும். எழுதுவதற்குக் கை கூசுகிறது. பிப்ரவரி கடைசியில் பக்கத்து மேஜையில் உங்கள் கோப்பு திறந்து கிடந்தது. பார்க்கக்கூடாது. பார்த்தேன். இரண்டு வருஷமாக முகம் பார்க்காத அண்ணன், கோட்டையாவது பார்ப்போம் என்று எட்டிப் பார்த்தேன்.

நாலு மணி டீ அதில் இல்லை.

கடையில் நாலு மணி அடித்தால் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்ட டீ இல்லாமல் நீங்கள் கல்லாவைக் கூடத் தொட மாட்டீர்கள். உலகம் அழிந்தாலும் அந்த டீ வரும். கோட்டில் நாலு மணிக்கு ஒரு சின்ன மேடு கூட இல்லை. அதற்குப் பதில் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மேடு. இது எங்கள் அண்ணன் உடம்பு இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. சொன்னால் நான் எட்டிப் பார்த்தது வெளியே வரும். அது மட்டும் காரணம் என்று எழுதினால் அதுவும் பொய். கோடு நன்றாக இருந்தது. அண்ணன் ஒழுங்காகிவிட்டார், டீயை நிறுத்திவிட்டார் என்று நம்ப ஆசையாக இருந்தது. நம்பிக்கொண்டேன். ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது நானே எண்களை மாற்றியிருப்பேனோ என்று ஒரு குழு விசாரிக்கிறது. எட்டிப் பார்த்ததை அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பங்கு முடிந்தது.

உங்களிடம் ஒரே கேள்விதான் அண்ணா. யார் கையில் ஒட்டினீர்கள்?

தங்கை


ஜூலை 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு நாலு நாள் கடையைப் பார்த்தேன். நாலு மணிக்கு டீ வந்தது. குடிக்க முடியவில்லை. கிளை டாக்டரிடம் காலைக் காட்டினேன். திட்டினார். ஊசியைப் பழைய அளவுக்கே ஏற்றியிருக்கிறார். சேதி அவருக்கும் இன்னும் முழுசாகத் தெரியாது.

உன் அண்ணி கையில் ஒட்டினேன்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் என் கையில்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு கணவன் மனைவி வீட்டுக்குத் தரை பார்க்க வந்திருந்தார்கள். நாற்பது மாதிரி எடுத்துப் பரப்பியிருக்கிறேன். பையில் இருந்த போன் அலறியது. அந்தம்மா பதறிப்போய், "எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் முந்நூற்று இருபத்தேழு. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான் டைல்ஸ் கம்பெனி விற்பனைக்காரன். "முதலாளி, இது உங்க சுகரா? நான் புது மாடல் நம்பர்னுல்ல நெனச்சேன்!" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சரக்கை விற்றுவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பத்து வயசில் சிமெண்டு மூட்டை தூக்க ஆரம்பித்தவன், யார் முன்னாலும் உடம்பு தளர்ந்து நின்றதில்லை. கையில் ஒட்டிய ஒரு பொத்தான் என்னை அப்படி நிற்க வைத்துவிட்டது.

அடுத்த சென்சார் மாற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, உன் அண்ணியைக் கையை நீட்டச் சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க?"

"ரெண்டே வாரம். அதுக்குள்ள நான் சரி பண்ணிடுவேன்."

"தப்பில்லையா?"

"இதுல யாருக்கு நஷ்டம், சொல்லு? மருந்துக்கு நல்ல பேரு, என் தங்கச்சிக்கு நல்ல பேரு, எனக்கும் நல்ல பேரு."

வலது கை அடுப்படி வேலைக்கு வேண்டும் என்று இடது கையை நீட்டினாள். இரண்டு வாரம் என்பது பத்து சென்சார் ஆயிற்று. உங்கள் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் வந்து கோட்டைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது என் கோடு என்றே ஆகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் இருநூற்று இருபதைத் தொட்டிருந்தது. "என்னத்தத் தின்ன?" என்று சத்தம் போட்டேன். "யாரோ பொறந்தநாள்னு குடுத்த கேக்குங்க, ஒரு துண்டு" என்றாள். "உன் வாயால என் பேரு கெடுது" என்றேன். அன்றிலிருந்து அவள் இராச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். மறுநாளே கோடு படிந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் கேள். சென்சாரில் கோளாறு என்று எழுதிவிடலாமே. பெட்டியில் உடைந்து வந்த சரக்கு இல்லையா? சென்சார் கம்பெனி தலையில் போட்டுவிட்டால் உன் பேருக்கும் பழுதில்லை, என் பேருக்கும் பழுதில்லை. கிளை டாக்டர் எதிரில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

அண்ணன்


ஜூலை 24, கூரியரில்

அண்ணனுக்கு,

சென்சாரில் கோளாறு இல்லை. எந்தக் கையில் ஒட்டினீர்களோ அந்தக் கையைப் பற்றி அது நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

பதினெட்டு வருஷமாக சுகர் உள்ள உங்களுக்கு ஏழு என்பது நல்ல எண். டாக்டர் கை குலுக்குவார். சுகரே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அண்ணிக்கு அதே ஏழு நோய். நோயில்லாத உடம்பு ஒரு துண்டு கேக்குக்கு இருநூற்று இருபதுக்குப் போகாது. அதுவும் இராப் பட்டினி கிடந்து வந்த ஏழு. பட்டினி கிடக்காவிட்டால் எட்டோ ஒன்பதோ, யார் கண்டது?

தண்ணீர் குடிக்கிறாள், நாற்காலி தேடுகிறாள் என்று நீங்களே ஜூனில் எழுதினீர்கள். அதை வயசு என்று நானும் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

ஐந்து மாதமாக அண்ணியின் நோய் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இந்தக் கட்டடத்துக்கு வந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் பார்த்தோம். உங்களைப் பாராட்டினோம்.

கம்பெனி மேல் பழி போட நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு வீட்டுத் தரையில், வெவ்வேறு சமயம் சூளையில் சுட்ட இரண்டு பேட்ச் டைல்ஸ் கலந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். கிடங்கில் ஒரே நிறமாகத் தெரியும், பதித்து முடித்து வெயில் பட்டால் திட்டுத் திட்டாய்க் காட்டிக் கொடுக்கும் என்பீர்கள். பேட்ச் நம்பர் பார்க்காமல் அனுப்பிய டீலரைக் கடைப் படி ஏற விடவில்லை நீங்கள். இங்கேயும் அதுதான். உங்கள் கோட்டை நம்பி, "இவ்வளவு ஊசி போதும்" என்று ஒரு விதி எழுதினால், அந்த விதி முகம் தெரியாத யாரோ ஒருவர் சிறுநீரகத்தில் போய் உட்காரும்.

அண்ணியிடம் நீங்களே சொல்லுங்கள். நாளைக்கே ரத்தம் எடுக்க வேண்டும்.

தங்கை


ஜூலை 29

தங்கச்சி,

இன்னும் சொல்லவில்லை.

இரண்டு தரம் வாயெடுத்தேன். முதல் தரம் கிடங்கு சாவி எங்கே என்று கேட்டேன். இரண்டாம் தரம் சாவி என் கையிலேயே இருந்தது. "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க, கால் வலிக்குதா?" என்று கேட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

கொஞ்சம் பொறு.


ஆகஸ்ட் 1

அண்ணா,

நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் அண்ணியின் உடம்பில் கழிகிறது. ஏழாம் தேதி காலை பஸ் ஏறுவதற்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்குள் நீங்கள் சொல்லியிருந்தால் விருந்தாளியாக வருவேன். சொல்லாவிட்டால் நர்ஸாக வருவேன்.

தங்கை


ஆகஸ்ட் 5

தங்கச்சிக்கு,

இது பஸ்ஸுக்கு முன்னால் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்று நானும் கூரியரில் போடுகிறேன்.

நேற்று முன்தினம் காலை, கடைக்குக் கிளம்பும் முன் சொன்னேன். உன் கடிதத்தையே படித்துக் காட்டிவிடலாம் என்று எடுத்தேன், கண் மறைத்தது, வாயாலேயே சொன்னேன். அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சேர்ந்தப்ப ஒரு புத்தகம் குடுத்தாங்களே. நீங்க பிரிக்காம மேல தூக்கிப் போட்டீங்க. நான் படிச்சேன். நல்லா இருக்கிறவங்களுக்கு சாப்பிட்டப்புறம் எவ்வளவு இருக்கும்னு அதுல போட்டிருக்கு. எனக்கு மார்ச்சிலேயே தெரியும்."

"அடிப்பாவி, ஏன்டி சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்டப் போகணும். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பார். உங்க மானம் போயிடுமேன்னு இருந்தேன்."

தங்கச்சி, இருபத்தாறு வருஷமாக இவளுக்கு நான் நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அடுப்படியில் நின்றபோது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தால் எழுந்திருக்க அவள்தான் கை கொடுக்க வேண்டும் என்று விழவில்லை.

அன்றே ரத்தம் எடுத்தோம். அந்த மூன்று மாதச் சராசரி அவளுக்கு ஏழு புள்ளி நாலு. ஆரம்பம்தான், மாத்திரையிலும் சாப்பாட்டிலுமே கட்டுக்குள் வரும் என்றார் டாக்டர். பட்டினி கிடக்கக்கூடாது என்று அவளைத் திட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். "நான்தான் டாக்டர் கிடக்கச் சொன்னேன்" என்றேன். அங்கே ஆரம்பித்தது, முழுசும் சொல்லி முடித்தேன். கை குலுக்கிய அதே மனிதர். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "எழுதித் தர்றீங்களா?" என்றார்.

எழுதினேன். என் கையெழுத்தில் இரண்டு பக்கம். எந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது, எத்தனை சென்சார், யார் கை, எல்லாம். என் தங்கைக்கு இதில் எதுவும் தெரியாது, அவள் பார்த்தது ஒரு கோட்டை, கையை அல்ல என்றும் எழுதினேன். உங்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஆய்விலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என் ஆறு மாதத்தையும் தனியே எடுத்து வைத்து, ஏன் எடுத்தோம் என்று அறிக்கையில் எழுதுவார்களாம். பேர் போடுவார்களா என்று கேட்டேன். போட மாட்டார்களாம். போட்டிருந்தாலும் இந்தத் தரம் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

உன்மேல் என்ன முடிவெடுத்தார்கள் என்று நீ எழுதவே இல்லை. நான் கெடுத்ததில் அது ஒன்று இன்னும் பாக்கி நிற்கிறது. குழு முன்னால் நேரில் வந்து நிற்க வேண்டும் என்றாலும் வருகிறேன். ஷோரூமில் அன்றைக்கு நான் சொன்னது, "ஊசி போடறவ ஊசியப் போடு, என் கடையில வாயத் தொறக்காத" என்பது. அதை எழுத வேண்டாம் என்று ஜூனில் தாண்டிப் போனேன். இப்போது எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

கால் விரலைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். விரல் தப்பும் என்கிறார்கள். சிறுநீரகத்தைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்கிறார்கள். டீயில் சர்க்கரை போடுவதில்லை. முதல் நாள் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சொந்தமாக ஒரு சென்சார் வாங்கி என் கையில் ஒட்டிக்கொண்டேன். உன் அண்ணி ஒட்டிவிட்டாள். "இது உங்க கைதானே, நல்லாப் பாத்துக்கோங்க" என்று கேட்டுக்கொண்டேதான் ஒட்டினாள். இனி ஆறு மாதத்துக்கு வாய் ஓயாது, தெரிந்த விஷயம்தான்.

இன்று மத்தியானம் கடையில் கூட்டம். ஒரு பெரியவர் மகளோடு வந்து குளியலறைக்கு டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அலறியது. என் கை தானாகப் பைக்குள் போயிற்று. அணைக்காமல் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"என்னங்க சத்தம் அது?" என்றார் பெரியவர்.

"என் சுகருங்க. எரநூத்தி எழுபத்தொண்ணு."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எனக்கு எவ்வளவுன்னே தெரியாது. பாக்கறதில்ல, பயம்" என்றார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

உன் அண்ணி வந்திருந்தாள். இந்தத் தரம் அவள் தேட வேண்டியிருக்கவில்லை, நாற்காலியை நானே எடுத்துப் போட்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டு அந்தப் பெரியவரை உட்காரச் சொன்னேன்.

ஏழாம் தேதி வா. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அண்ணன்